ஒன்பதாவது கட்டம்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை ஒன்பதே காலுக்கு இரண்டாம் மாடி மீட்டிங் அறையில் இருந்தவர்கள்: எச்.ஆர். இளம்பரிதி சார், ஆறாவது லைன் சூப்பர்வைசர் தங்கராசு, மெக்கானிக் பஷீர், வாட்ச் பிடித்து வேலையை அளக்கும் ஐ.இ. செக்‌ஷனிலிருந்து கௌசிகா, அதே செக்‌ஷன் ரமணன், டீ கொண்டு வந்த மாராத்தாள், இருபத்து நான்கு வருஷமாக இந்தக் கம்பெனியில் என் கூட்டாளியாக இருக்கும் சரசாள், கடைசியாக நான், மயிலாத்தாள். மொத்தம் எட்டுப் பேர். மாராத்தாள் டம்ளர்களை வைத்துவிட்டு உடனே போய்விட்டாள். ஆனாலும் அவள் இருந்தாள் என்றுதான் எழுத வேண்டும்.

பெயர்களைக் குறித்துக்கொள்வது என் வழக்கம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனியில் நடந்த ஒன்றைப் பற்றி நான் விசாரித்தபோது, ஆளாளுக்கு ‘நான் அங்க இல்லியே’ என்று கையை விரித்தார்கள். ஒருவருமே இல்லாத அறையில் அது தானாக நடந்துவிட்டது. அன்றிலிருந்து யார் யார் இருந்தார்கள் என்பதை மனசில் எழுதிக்கொள்கிறேன். இன்று நோட்டு கிடைத்திருக்கிறது.

நோட்டு கம்பெனி கொடுத்தது. அட்டையில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கிறது. தினமும் கற்றுக்கொண்டதை எழுத வேண்டுமாம், தொண்ணூறாவது நாள் வாங்கிப் பார்ப்பார்களாம். நான் நாலாம் வகுப்பு. எழுத வரும், மெதுவாக வரும்.

விஷயம் எண்ணெயில் தொடங்கியது. தைத்து வரும் பனியனை டேபிளில் விரித்துக் கழுத்து, தோள், கை, பக்கம், அடிமடிப்பு என்று பார்த்து, டேமேஜ் இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வேலை. சித்திரையிலிருந்து டேபிளுக்கு ஒரு டேப், விரலால் தொடும் சின்னக் கம்ப்யூட்டர், வைத்துவிட்டார்கள். கண்ணாடியில் பன்னிரண்டு கட்டங்கள். என்ன டேமேஜோ அந்தக் கட்டத்தை அழுத்த வேண்டும். கட்டங்களில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். நான் முதல் கட்டத்தையே அழுத்தி வந்தேன். அது கைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் கட்டம் எண்ணெய்க் கறையாம். ஆறாவது லைனில் ஆறு வாரமாக எண்ணெய் ஒழுகுவதாகக் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது.

“எக்கா, பதினெட்டு மெஷினக் கழட்டிட்டேன். எண்ணெய்ச் சட்டியக்கூட மாத்திட்டேன்” என்றான் பஷீர். “கடசீல பாத்தா ஒழுகுனது உங்க வெரல்லதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். கௌசிகா சிரிக்கவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

சரசாள் என்னைப்போல இல்லை. அவள் பயந்துபோய் எந்தக் கட்டத்தையும் தொடவேயில்லை. அவள் டேபிளுக்கு வந்த துணியெல்லாம் சுத்தம் என்று பதிவாகியிருந்தது. எனக்கு நாற்பத்தொன்பது மார்க், அவளுக்கு ஐம்பத்தொன்று.

இளம்பரிதி சார் சொன்னது இது. பின்தங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு மென்ட்டர், தொண்ணூறு நாள், எழுபது மார்க். அதற்குக் கீழே இருந்தால் கம்பெனி ‘வேறு முடிவு’ எடுக்கும். எனக்கு வருகிற சித்திரையில் ஐம்பத்தெட்டு முடிகிறது. பேத்தி சுபிக்‌ஷாவின் நர்சிங் படிப்பும் அதே சித்திரையில் முடிகிறது. அதுவரை நான் இந்த டேபிளில் நின்றாக வேண்டும். ஐம்பத்தெட்டு முடிந்து போகிறவர்களை மாலை போட்டு முன் கேட் வழியாக அனுப்புவார்கள். வேறு முடிவுக்குப் பின் கேட்.

சரசாளுக்கு ரமணன். எனக்குக் கௌசிகா. கௌசிகா வள்ளியாத்தாளின் மகள்.

ஜூன் 4, செவ்வாய்

வள்ளியாத்தாள் யார் என்று நோட்டைப் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்லடம் ரோட்டில் புது யூனிட் திறந்தார்கள். செக்கிங்குக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். தேர்வுக்குப் பெயர் கொடுத்தது நானும் வள்ளியாத்தாளும். என் கண்ணுக்குத் தப்பிய டேமேஜ் கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும். வள்ளியாத்தாள் எட்டாவது வரை படித்தவள், அதுவும் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இங்கிலீஷ் வராது என்பது மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைத் தவிர, யாருக்கும் தெரியாது. பெட்டியில் ஒட்டும் தாளின் எழுத்துகளைப் படமாக மனசில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மேனேஜர் அறையில் இருந்தவர்கள்: மேனேஜர், கிளார்க் சின்னசாமி, வள்ளியாத்தாள். அப்போது ஹெல்ப்பராக இருந்த சரசாள் டீ கொடுக்கப் போனாள், டம்ளரை வைத்துவிட்டு உடனே வந்துவிட்டாள். வேறு யாரும் இல்லை. வள்ளியாத்தாள் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு தாளை நீட்டி “வாசிம்மா” என்றார். வேலைக்கு எடுக்கும்போது யாரையும் அப்படிக் கேட்டதில்லை. யாரோ சொல்லிக்கொடுக்காமல் அந்தத் தாள் என் முன்னால் வந்திருக்காது.

வள்ளியாத்தாள் சூப்பர்வைசர் ஆனாள். நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். ஐந்து வருஷத்தில் அவள் திரும்பவும் இந்த யூனிட்டுக்கு வந்தாள், பதினேழு வருஷம் ஒரே கேண்டீனில் உட்கார்ந்தோம். பேசவில்லை. போன ஐப்பசியில் செத்துப்போனாள். லைனே கிளம்பிப் போனது. எனக்கு அன்று முழங்கால் வலி.

இன்று அவள் மகள் என் டேபிள் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் வாட்ச் இல்லை.

“மொதல்ல நீங்க எப்பிடிப் பாக்கறீங்கன்னு பாத்துக்கறேனுங்கம்மா.”

“பாருங்க மேடம்” என்றேன்.

அவள் ஒரு மணி நேரம் நின்றாள். நான் துணியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். சுபிக்‌ஷாவின் வெள்ளைக் கோட்டில் மருந்துக் கறை, மூன்று தடவை கசக்கியும் போகவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மத்தியானம் சரசாள் எனக்குச் சேர்த்துப் புளிக்குழம்பு கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வருஷமாக என் பங்குக்கும் சேர்த்துத்தான் கொண்டு வருகிறாள். அந்தத் தேர்வு முடிந்த வாரம் நான் சோறு இறங்காமல் டப்பாவை மூடிவைத்ததைப் பார்த்துத் தொடங்கியது. அப்படி ஒரு மனசு.

“அந்தப் புள்ளகிட்ட வாய் குடுக்காத மயிலா” என்றாள். “பழசெல்லாம் கெளறாத. அவளுக்கென்ன தெரியும்.”

“நான் எங்க கெளர்றேன். அவதான் எருமையாட்டம் பக்கத்துல நிக்கறா.”

“உன்கிட்டயாச்சும் நிக்கறா. எனக்கு வந்த மவராசன் திங்கக்கெழம ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போறான். ‘எல்லாம் ஓக்கேவா’ங்கறான். நான் தலையாட்டறேன். அவனும் ஆட்டறான்.”

இந்த வாரம் மார்க் போர்டில் எனக்கு ஐம்பது. சரசாளுக்கு ஐம்பத்திரண்டு.

ஜூன் 22, சனி

இன்று கண்டுபிடித்துவிட்டாள்.

நடந்தது இப்படி. ஒரு பனியனில் பக்கத் தையல் நடுவில் விட்டுப் போயிருந்தது. நான் அம்பு ஒட்டிவிட்டு முதல் கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். கௌசிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சத்தமாகப் பேசவில்லை. தங்கராசு ஆறடி தள்ளி நின்றிருந்தான், அவனுக்குக் கேட்கவில்லை.

“அம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியலீங்களா?”

“கண்ணாடி வீட்ல இருக்கு.”

“நூலு விட்டது மட்டும் ரெண்டு அடி தள்ளியே தெரியுது உங்களுக்கு.”

இப்போது நேராகத் தங்கராசுவிடம் போவாள், ஆத்தாள் மாதிரியே போவாள் என்று நின்றேன். அவள் போகவில்லை. டேமேஜ் தொட்டியைக் கிளறி, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினாள். எண்ணெய்க் கறை ஒரு துண்டு, ஓட்டை ஒரு துண்டு, தையல் விட்டது ஒரு துண்டு. கட்டம் இருக்கிற வரிசைக்கு டேபிளின் ஓரத்தில் பன்னிரண்டையும் பசை நாடாவால் ஒட்டினாள்.

“படிக்க வேண்டாம். துணியப் பாத்து அதே எடத்துல தொடுங்க.”

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றேன்.

“சாம்பிள்னு சொல்லுங்க. எல்லா டேபிள்லயும் ஒட்டிர்றேன். அப்பறம் யாருக்காக ஒட்டுனதுன்னு தெரியாது.”

சொன்னபடி மத்தியானத்துக்குள் பதினாறு டேபிளிலும் ஒட்டிவிட்டாள்.

ஜூன் 29, சனி

ஐம்பத்தொன்பது.

ஜூலை 4, வியாழன்

துண்டுகளைப் பார்த்து அழுத்துவது சரியாக வருகிறது, ஆனால் நேரம் பிடிக்கிறது. துணியைப் பார், துண்டைப் பார், கண்ணாடியைப் பார். தலை மூன்று பக்கம் திரும்புகிறது.

“மனசுல பதிஞ்சாப் போதும்” என்றாள் கௌசிகா. “உங்களுக்கு எதும்மா நல்லா ஞாபகம் இருக்கும்? கோயிலு, பாட்டு, கறிகாயி?”

“எனக்குக் கெட்டது செஞ்சவங்க.”

அவள் சிரிப்பை அடக்கினாள். பிறகு, “எத்தன பேருங்க?” என்றாள்.

“பன்னெண்டுக்குக் கொறையாது.”

“அப்பப் பேரு வைங்க.”

வைத்தேன். முதல் கட்டம், எண்ணெய்: மில்லில் இருந்த பழனிச்சாமி மேஸ்திரி. தலையில் எண்ணெய் வழியும். மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நான் உட்கார்ந்திருந்த முக்காலியை எடுத்துக்கொண்டு போனவர். இரண்டாவது, ஓட்டை: சின்ன நாத்தனார் குஞ்சம்மாள். இரவல் வாங்கிக் கட்டிய பட்டுச்சேலையில் ஓட்டை விழுந்ததை மூன்று கல்யாணத்தில் சபையில் சொன்னவள். ஓட்டை அவள் பெட்டியில் இருந்த கரப்பான் போட்டது. ஐந்தாவது, நிறம் மாறியது: என் தம்பி பெரியசாமி. விளக்கம் வேண்டாம். பன்னிரண்டாவது, லேபிள் தப்பு: என் சம்பந்தி. கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் தாயார் பெயரை விட்டுவிட்டு அச்சடித்தவர்.

ஒவ்வொன்றுக்கும் கௌசிகா “அப்பறம்?” என்று கேட்டாள். கதை சொல்லச் சொல்லக் கை தானாக அந்த இடத்துக்குப் போயிற்று.

“ஒன்பதாவது யாருங்க?”

ஒன்பதாவது கட்டம் தையல் விட்டது. வெளியே பார்த்தால் நேராக இருக்கும், நடுவில் பிடித்திருக்காது.

“அது இருக்குது” என்றேன்.

அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 13, சனி

அறுபத்தாறு. சரசாளுக்கு ஐம்பது.

ஜூலை 18, வியாழன்

ஆடிக் காற்றில் சன்னல் எல்லாம் அடைத்து, உள்ளே புழுக்கம். பஞ்சுத் தூசி. சுபிக்‌ஷாவுக்குப் பரீட்சை, அதிகாலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டு வந்தேன்.

கௌசிகா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எல்லாக் கட்டத்தையும் பூ மாதிரித் தொடறீங்க. ஒன்பத மட்டும் ஏம்மா குத்தறீங்க?” என்றாள். “அங்க மட்டும் கண்ணாடி கீறியிருக்குது பாருங்க.”

“தையல் விட்டதுதான் நெறய வருது.”

“அது சரி.”

இன்றைக்கு அவள் தன் டப்பாவிலிருந்து கார ஒப்பிட்டுப் பலகாரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அரிசிமாவில் செய்தது. வள்ளியாத்தாள் கை அதில் தெரிந்தது. பல வருஷத்துக்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கொண்டு வருவாள், சீரகம் கூடுதலாக இருக்கும். சாப்பிட்டேன். சாப்பாட்டின் மேல் கோபம் கிடையாது.

ஜூலை 27, சனி

எழுபத்தெட்டு. தங்கராசு போர்டின் முன்னால் நின்று இரண்டு தடவை பார்த்தான்.

சரசாளுக்கு நாற்பத்தெட்டு. டேபிள் ஓரத்தில் ஒட்டிய துண்டுகள் எதற்கென்று ரமணன் அவளுக்குச் சொல்லவேயில்லை. பயத்தில் இப்போது நல்ல பீஸுக்கும் ஏதாவது ஒரு கட்டத்தை அழுத்துகிறாள். பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு நின்றவள் என்னைப் பார்த்ததும் சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்றாள். சோப்பு டப்பா காலியாக இருந்தது.

இரண்டு பேரும் ஒரே வயசு, ஒரே படிப்பு, ஒரே லைன், ஒரே டேப். ஒருத்தி பக்கத்தில் ஒரு ஆள் நின்றது. இன்னொருத்தி பக்கத்தில் ஒரு கையெழுத்து நின்றது.

சரசாளுக்கு வீட்டுக்காரர் இல்லை. மகன் கோயமுத்தூரில், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறான். அவளுக்குக் கம்பெனி போனால் காலையில் எழுந்து போக வேறு இடம் கிடையாது.

ஜூலை 29, திங்கள்

கௌசிகாவிடம் கேட்டேன், சரசாளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று.

“ரமணன் சார் பேர்ல இருக்கறவங்கள நான் தொட முடியாதுங்கம்மா. சண்டைக்கு வருவாரு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க சொல்லிக்குடுத்தா யாரு கேக்கப்போறா” என்றாள்.

நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, இந்த இரண்டு மாசம் தவிர.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் சரசாளுக்குச் சொல்லித் தருகிறேன். அட்டையில் பன்னிரண்டு கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவளும் தனக்குக் கெட்டது செய்தவர்கள் பெயரை வைக்கட்டும் என்று சொன்னேன். அவளுக்கு இரண்டு பேருக்கு மேல் வரவில்லை. அந்த இரண்டு பேரையும் மன்னித்துவிட்டாளாம்.

“உன்ற ஆளுகளையே குடு மயிலா” என்றாள். “இத்தன வருஷம் தெனமும் சோத்தோட சேத்து அவங்களத்தான உண்டிருக்கறேன். பழனிச்சாமிய எனக்குத் தெரியாதா, குஞ்சம்மாளத் தெரியாதா?”

அது சரியாகப் பிடித்துக்கொண்டது. சம்பந்தி வரைக்கும் தப்பில்லாமல் சொன்னாள். ஒன்பதை மட்டும் நான் தாண்டிப் போயிருந்தேன்.

“ஒம்பது யாரு?”

“உனக்குத் தெரியாதா என்ன. வள்ளியாத்தா.”

சரசாள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு கையில் இருந்தது. வாய்க்குப் போகவில்லை. பெல் அடித்ததும் டப்பாவை அப்படியே மூடினாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சரசாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

ஆகஸ்ட் 7, புதன்

மத்தியானம் கேண்டீன், சன்னல் ஓர பெஞ்சு. இருந்தவர்கள்: நான், சரசாள்.

அவள் டப்பாவைத் திறக்கவில்லை. அட்டையை வைத்து ஒன்பதாவது கட்டத்தின்மேல் கையை வைத்தாள்.

“இதுக்கு அவ பேரு வேண்டாம்.”

“ஏன்? செத்தவ பேரு ஆகாதா?”

“அவ சொல்லல மயிலா.”

நடந்ததை அவளே சொன்னாள். டீ கொண்டு போனாளாம். மேனேஜர் டம்ளரை எடுத்துக்கொண்டே வள்ளியாத்தாளிடம் சும்மா கேட்டாராம், ‘மயிலாத்தா உன் கூட்டாளிதான, இங்கிலீஷ் வாசிப்பாளா?’ என்று. வள்ளியாத்தாள், ‘அதெல்லாம் வாசிப்பாங்க சார்’ என்றாளாம். சரசாள் டம்ளர் தட்டோடு நின்று, ‘இல்லீங்க, அவளுக்கு வராது’ என்றாளாம்.

“நீ பல்லடம் ரோட்டுக்குப் போயிட்டா நான் யாருகூடச் சோறு திங்கறது? அது ஒண்ணுதான் மனசுல வந்துது. வாயில வந்த பொறவுதான் என்ன சொன்னம்னே தெரிஞ்சுது.”

வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எண்ணி எண்ணிக் கத்தினான் ஒருவன். நூற்றுப் பதினொன்று வரை கேட்டேன்.

“அந்த வாரம் நான் கேட்டப்ப நீ என்ன சொன்ன?”

“டம்ளர வெச்சதும் வந்துட்டேன், நான் அங்க இல்லியேன்னு சொன்னேன்.”

“இருபத்திரண்டு வருஷம் நான் அவளத் திட்டுனப்பெல்லாம்?”

“கொழம்பு ஊத்துனேன்” என்றாள்.

நான் எழுந்து டேபிளுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

தலைவலி. வேலைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 10, சனி

எழுபத்தொன்று. கட்டம் ஒன்பது வரும்போது விரல் நிற்கிறது. அதற்குப் பெயர் இல்லை. துணியில் தையல் விட்டிருப்பது தெரிகிறது, அம்பு ஒட்டுகிறேன், கை கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. அந்த ஒரு கட்டத்தால் பக்கத்துக் கட்டங்களும் கலைந்துபோகின்றன.

இன்று சாப்பாட்டு நேரத்தில் சரசாள் முன்னால் போய் உட்கார்ந்தேன். அட்டையை வைத்தேன்.

“நாலு?” என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “மயிலா...”

“நாலு என்னன்னு கேட்டேன்.”

“கழுத்துக் கோணல். தையல்காரர் ஆறுமுகம்.”

“பதினொண்ணு?”

அரை மணி நேரம் அப்படியே போயிற்று. ஒன்பதுக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. சரியாகத் தொட்டாள். அவள் நீட்டிய கிண்ணத்தை நான் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

கௌசிகா முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். தானும் உட்கார்ந்தாள். லைன் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னாச்சுங்கம்மா? ஒன்பதுல நிக்கறீங்க.”

“அதுக்கு வெச்ச பேரு தப்பாப் போச்சு.” அதற்குமேல் சுற்றிவளைக்க எனக்கு வராது. “உங்கம்மா பேரு. எடுத்துட்டேன்.”

“எனக்குத் தெரியுமுங்க.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. மத்த பதினொண்ணுக்கும் கதை கதையாச் சொன்னீங்க. அதுக்கு மட்டும் வாயே தொறக்கல. கண்ணாடி வேற கீறுச்சு.”

தெரிந்தும் ஒரு மாசமாகப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நான் நடந்ததைச் சொன்னேன். சரசாள் பெயரைச் சொல்லவில்லை. உங்கம்மா சொல்லவில்லை, வேறு ஆள் என்று மட்டும் சொன்னேன்.

“அம்மா என்னப் பத்தி ஏதாச்சும் பேசுமா?” என்று கேட்டேன்.

“‘அவளுக்குக் கண்ணு இருக்குது, வாய்தான் சரியில்ல’ன்னு சொல்லும்.” கௌசிகா நூல் துண்டு ஒன்றை விரலில் சுற்றினாள். “ஒரு தடவ ஆசுபத்திரியில, ‘மயிலா ஏன் எங்கூடப் பேசறதில்லைன்னு கடசி வரைக்கும் தெரியலயே’ன்னுச்சு. நான் கேட்டு வரட்டுமான்னேன். வேண்டாம், அவளாச் சொல்லட்டும்னுச்சு.”

தங்கராசு தூரத்திலிருந்து, என்ன உட்கார்ந்துவிட்டீர்கள் என்று கையைக் காட்டினான். “மென்ட்டரிங் நடக்குது சார்” என்றாள் கௌசிகா.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பெருமாநல்லூர் பஸ் பிடித்து வள்ளியாத்தாள் வீட்டுக்குப் போனேன். இருந்தவர்கள்: கௌசிகா, அவள் அப்பா, ஒரு பூனை. அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே வாங்க என்றார். எதற்கு வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

போட்டோவில் வள்ளியாத்தாள் பச்சை ஜாக்கெட் போட்டிருக்கிறாள். கழுத்து, தோள், கை என்று பார்த்தேன். பழக்கம். ஒரு இடத்திலும் தையல் விடவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். போட்டோவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மல்லிகை இரண்டு முழம் வாங்கிப் போயிருந்தேன், அதைச் சாத்தினேன். கௌசிகா ஒப்பிட்டும் காப்பியும் கொடுத்தாள். சீரகம் கூடுதல்.

“சாப்புடுங்கம்மா.”

“சாப்புடறேன் அம்மிணி” என்றேன். மேடம் என்று வரவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

எண்பத்திரண்டு. சரசாளுக்கு அறுபத்தேழு.

ஆகஸ்ட் 29, வியாழன்

மழை. பஸ்ஸில் சரசாள் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். நான் நின்றே வந்தேன். இறங்கும்போது “ஏழும் எட்டும் மாறுது உனக்கு, நாளைக்குப் பாப்போம்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் 31, சனி

தொண்ணூறாவது நாள். அதே மீட்டிங் அறை. ஜூன் மூன்றாம் தேதி இருந்த அதே எட்டுப் பேர். மாராத்தாள் இன்றும் டீ வைத்துவிட்டு உடனே போனாள். அவள் முகத்தை நான் வாசல் தாண்டும் வரை பார்த்தேன். பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை.

சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். கோடு கீழே தொடங்கி மேலே போயிற்று. எனக்கு எண்பத்து நான்கு, கம்பெனியிலேயே மூன்றாவது. சரசாளுக்கு எழுபத்திரண்டு. வேறு முடிவு யாருக்கும் இல்லை.

“இவ்வளவு எப்படி ஏத்துனீங்க கௌசிகா?” என்று கேட்டார் இளம்பரிதி சார். “அவங்களுக்கு இங்கிலீஷ் ஸ்க்ரீன் வாசிக்க வருதா?”

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. நான் கதவுக்கு வெளியே இல்லை, உள்ளேயே நின்றிருந்தேன்.

கௌசிகா யோசிக்கவேயில்லை. “அவங்க ஞாபகசக்திக்கு ஸ்க்ரீன் எந்த பாஷையில இருந்தாலும் ஒண்ணுதான் சார்” என்றாள். “ஆனா மத்தவங்களுக்காகத் தமிழ்ல மாத்துனா நல்லது.” சார் குறித்துக்கொண்டார்.

பிறகு சரசாளின் முன்னேற்றத்துக்காக ரமணனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். இருபத்தொரு மார்க் ஏற்றியவர் என்று கைதட்டச் சொன்னார்கள். ரமணன் வாங்கிக்கொண்டான். பஷீர் என்னைப் பார்த்தான், நான் பஷீரைப் பார்த்தேன். வேறு சமயமாக இருந்தால் ரமணனுக்குப் பதிமூன்றாவது கட்டம் ஒன்று தேடியிருப்பேன். இன்று மனசில் அவனுக்கு இடம் இல்லை.

நோட்டை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் சரசாள் என் கையைப் பிடித்தாள். “உன்னாலதான் மயிலா. உனக்கு என்ற மேல கோபம் போயிருச்சுல்ல? இல்லாட்டிச் சொல்லிக் குடுத்திருப்பயா?”

கையை எடுத்துக்கொண்டேன். வேலை தெரியாமல் ஒருத்தி பின் கேட்டில் போவதை நான் பார்க்க மாட்டேன், அது வேறு. வள்ளியாத்தாள் ஆசுபத்திரியில் படுத்துக்கொண்டு ஏன் என்று தெரியாமல் கேட்டது வேறு. அன்று மேனேஜரிடம் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட விட்டுவிடலாம், பயத்தில் வந்தது. ஐப்பசியில் வள்ளியாத்தாள் சாவுக்கு எல்லாரும் பஸ் ஏறியபோது, நான் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முழங்கால் வலி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள், ‘நீ இரு மயிலா, நான் போயிட்டு வந்து சொல்றேன்’ என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். வந்து மூன்று நாள் அழுதாள். இளகிய மனசு என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குமேல் டேபிளுக்குப் போனேன். முதல் பீஸிலேயே பக்கத் தையல் விட்டிருந்தது. அம்பு ஒட்டினேன். விரல் நிற்கவில்லை, நேராகப் போயிற்று.

ஒன்பதாவது கட்டம், சரசாள்.